அழற்சியை வீக்கம் ஆக்கியது யார்?

போன மாதம் பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து தன் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். குழி விழவில்லை. "ரிப்போர்ட்ல வீக்கம்னு வந்திருக்காம்டா. எனக்கு எங்க வீங்கியிருக்கு, நீயே பாரு" என்றார். ரத்தப் பரிசோதனைத் தாளை வாங்கிப் பார்த்தேன். சிஆர்பி என்ற புரதம் லிட்டருக்கு 4 மில்லிகிராம். அதைப் படித்துச் சொன்னவர் யாரோ, "உள்ளுக்குள்ள வீக்கம் இருக்கும்மா, சாப்பாட்டை மாத்துங்க" என்று அனுப்பிவிட்டார். பெரியம்மாவும் மாற்றினார். காலையில் வாழைத்தண்டுச் சாறு, மாலையில் பார்லித் தண்ணீர். வீக்கம் என்றால் நீர் கோத்திருக்கிறது, நீர் பிரிந்தால் வற்றிவிடும். அவர் போட்ட கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் கையில் கொடுத்த சொல்தான் கோளாறு. புண்ணுக்கும் தொற்றுக்கும் உடல் காட்டும் எதிர்வினையை ஆங்கிலத்தில் இன்ஃப்ளமேஷன் என்கிறார்கள். தமிழில் அது அழற்சி. அதைத்தான் வீக்கம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதே வாரம் வாட்ஸ்அப்பில் ஒன்று வந்தது: தொப்பை ஏன் குறையவில்லை, உங்கள் உடலில் 'குறைந்த தர நாள்பட்ட வீக்கம்' இருக்கலாம். குறைந்த தரமாம்! அப்படியானால் உயர்தர வீக்கம் எந்தக் கடையில் கிடைக்கும்? யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். "எங்கட ஊரில் உயர்தரம் எண்டால் பரீட்சை" என்று பதில் போட்டார். இந்த வீக்கத்தை யூடியூபிலும் சமையல் பக்கத்திலும் எண்ணெய் விளம்பரத்திலும் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனதால்தான் இதை எழுதுகிறேன்.

சொல்லின் பிறப்பை முதலில் முடித்துவிடலாம். இன்ஃப்ளமேஷன் என்பது லத்தீனிலிருந்து வந்தது. தீ மூட்டுதல் என்று பொருள். தமிழில் அழல் என்றால் தீ, வினையாக எரிதல். சுழல் சுழற்சி ஆனது, முயல் முயற்சி ஆனது, பயில் பயிற்சி ஆனது. அதே வரிசையில் அழல் அழற்சி. மதுரை பற்றி எரியும் பகுதிக்குச் சிலப்பதிகாரத்தில் பெயர் அழற்படு காதை. வளி, அழல், ஐயம் என்று எண்ணும்போது பித்தத்தின் பெயரும் அழல்தான். இதற்கு மேல் இதில் தோண்ட ஒன்றுமில்லை. மூலச்சொல்லில் தீ இருக்கிறது, நம் சொல்லிலும் தீ இருக்கிறது.

அப்புறம் வீக்கம் எங்கிருந்து வந்தது? முதல் நூற்றாண்டு ரோமாபுரி எழுத்தாளர் கெல்சஸ் இதற்கு நான்கு அடையாளங்கள் எழுதி வைத்தார்: சிவத்தல், வீங்குதல், சுடுதல், வலித்தல். நான்கில் ஒன்றைப் பிடுங்கி முழுமைக்கும் பெயராகச் சூட்டிவிட்டார்கள். மழைக்கு 'ஈரம்' என்று பெயர் வைத்த மாதிரி. மழை பெய்தால் ஈரம் உண்டுதான். ஆனால் குழாய் உடைந்தாலும் ஈரம் உண்டு. சிறுநீரகம் பழுதானால் முகம் வீங்கும், இதயம் தளர்ந்தால் கால் வீங்கும், தைராய்டு பெருத்தால் கழுத்து வீங்கும். இவையெல்லாம் வீக்கம், இவை எல்லாவற்றிலும் அழற்சி இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மறுபக்கம், சிவப்பும் சூடும் வலியும் வீக்கமும் எதுவுமே வெளியே தெரியாமல் அழற்சி ஆண்டுக்கணக்கில் நடக்கலாம். உடற்கொழுப்பைப் பற்றிப் பேசும்போது நாம் பேசுவது இந்த இரண்டாம் வகையை.

அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்தால் சொல்லின் பிழை இன்னும் பளிச்சென்று தெரியும். கொழுப்புத் திசு வெறும் கிடங்கு என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 1993இல் ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மேன் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் பருத்த எலிகளின் கொழுப்பில் டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருள் சுரப்பதையும், அது இன்சுலின் வேலையைக் கெடுப்பதையும் காட்டினார்கள். 2003இல் இரண்டு குழுக்கள், பருத்த உடலின் கொழுப்புத் திசுவுக்குள் பெருவிழுங்கி செல்கள் (கிருமியையும் செத்த செல்லையும் விழுங்கும் நோய் எதிர்ப்புச் செல்கள்) கூட்டமாய்க் குடியேறியிருப்பதைக் கண்டன. அளவுக்கு மீறிப் பருத்த கொழுப்புச் செல்லுக்குப் போதிய ஆக்சிஜன் எட்டுவதில்லை, சில செத்துப்போகின்றன, செத்ததைச் சுற்றிப் பெருவிழுங்கிகள் கிரீடம் போல நின்று தின்கின்றன. அவை விடும் செய்திப் பொருள்களைக் கேட்டுக் கல்லீரல் சிஆர்பியைச் சுரக்கிறது. பெரியம்மாவின் தாளில் இருந்த 4 அப்படி வந்திருக்கலாம். (சளி பிடித்தாலும் அந்த எண் ஏறும். இரண்டு வாரம் விட்டு மறுபடி பார்க்கச் சொல்வது அதனால்தான். அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.)

இதில் எங்கே கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது? ஆள் ஒல்லியாக இருந்தாலும் இந்தக் கதை நடக்கும். 2004இல் லான்செட் இதழில் ஒரு புகைப்படம் வந்தது. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண், 22.3. யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2. வீக்கத்தைத் தேடுகிறவர் யாஜ்னிக்கிடம் எதைக் கண்டுபிடிப்பார்?

'வீக்கம்' கட்சிக்காரர்கள் இரண்டு வாதம் வைப்பார்கள். ஒன்று, அது மக்கள் சொல், அழற்சி பண்டிதச் சொல். மக்கள் சொல்தான், மறுக்கவில்லை. மக்கள் அதற்கு ஏற்கெனவே ஒரு பொருள் வைத்திருக்கிறார்கள் என்பதுதானே தொல்லை! புரியாத சொல்லைக் கேட்டால் ஆள் விளக்கம் கேட்பார். தப்பாகப் புரியும் சொல்லைக் கேட்டால் வாழைத்தண்டு வாங்கப் போய்விடுவார். இரண்டாவது, சித்த மருத்துவத்திலேயே 'வீக்கமுருக்கி' என்ற செய்கைப் பெயர் இருக்கிறதே என்பது. இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் வீக்கத்தைக் கரைக்கும் மருந்துக்கு அது பொருத்தமான பெயர். அதை இழுத்துக்கொண்டு வந்து ரத்தக்குழாயின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் அழற்சிக்கு ஒட்ட வைக்க முடியாது.

இவர்களிடம் நான் கேட்பது கல்லீரலைப் பற்றி. 'கல்லீரல் வீக்கம்' என்று தமிழில் எழுதினால் கல்லீரல் அளவில் பெருத்திருக்கிறது என்று பொருள். ஹெபடைட்டிஸ் என்பது கல்லீரல் அழற்சி. கொழுப்பு படிந்த கல்லீரல் பெருத்திருக்கலாம், அழற்சி இல்லாமலும் இருக்கலாம். அழற்சியும் சேர்ந்துகொண்டால்தான் தழும்பு விழுந்து சுருங்கிப்போகும் ஆபத்து கூடுகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் மருத்துவர் நோயாளியிடம் என்னத்தைச் சொல்வார்? 'உங்கள் வீக்கத்தில் வீக்கம் இருக்கிறது' என்றா?

ஒரு சந்தேகமும் எனக்கு உண்டு. இன்ஃப்ளேஷனுக்குப் பணவீக்கம் என்பது அருமையான சொல். அந்த லத்தீன் வேரே ஊதிப் பெருக்குதல்தான். ஓரெழுத்து இரண்டெழுத்து வித்தியாசத்தில் பக்கத்தில் கிடந்த இன்ஃப்ளமேஷனுக்கும் அந்த வீக்கமே தொற்றிக்கொண்டதோ என்னவோ. மூலத்தைப் படிக்காமல் எந்திரத்தில் போட்டு எடுத்து, எடுத்ததையும் படிக்காமல் வெளியிடுகிறவர்களிடம் இதைக் கேட்டு என்ன பயன். அவர்களுக்குக் கொழுப்பும் அப்படித்தான். தட்டில் இருக்கும் எண்ணெய், இடுப்பில் இருக்கும் சதை, ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால் மூன்றையும் 'கொழுப்பு' என்று ஒரே வாக்கியத்தில் எழுதுவார்கள். எது எதைச் சொல்கிறது என்று கேட்டால் நமக்குத்தான் கொழுப்பு என்பார்கள்.

அழற்சியிலும் குறை உண்டு. அதை ஒளிக்க மாட்டேன். காதில் அது 'அலர்ஜி' என்று விழுகிறது. அலர்ஜியின் தமிழ்த் திரிபு என்றே பலர் நினைத்து, கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாததையும் அழற்சி என்கிறார்கள். அலர்ஜி 1906இல் ஆஸ்திரிய மருத்துவர் பிர்க்கே கிரேக்க வேர்களை ஒட்டிச் செய்த சொல். தீக்கும் அதற்கும் உறவே இல்லை. அதற்கு ஒவ்வாமை என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது, வழக்கிலும் இருக்கிறது. அதை விடாமல் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்து, 'அழற்சி எதிர்ப்பு உணவு'. எனக்கு இந்த 'எதிர்ப்பு' பிடிக்கவில்லை. அழற்சி பகையாளி இல்லை; அது இல்லாவிட்டால் முள் குத்திய புண் ஆறாது. 2017இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேரில் ஒரு பகுதியினருக்கு அழற்சியை மட்டும் குறைக்கும் ஊசி போட்டார்கள். கொலஸ்ட்ரால் குறையவில்லை, ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 15 சதவீதம் குறைந்தன. கூடவே, உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. தீயை அணைத்துவிட்டால் அடுப்பும் போச்சு. தீயைத் தணிக்கலாம். 'அழற்சி தணிக்கும் உணவு' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? காய், பயறு, தீட்டாத தானியம், மீன், கொட்டை வகைகள். சர்க்கரை பானத்தையும் வனஸ்பதியையும் விலக்குவது. இடுப்புச் சதையைக் கொஞ்சம் கரைப்பது. அங்கே நடப்பது தணிப்புதான். மஞ்சளைப் பற்றிக் கேட்பீர்கள். மஞ்சளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். அதையும் குடல் சரியாக உறிஞ்சாது. பாலில் ஒரு சிட்டிகை போட்டுக் குடித்துவிட்டு அதிசயத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

'குறைந்த தர' என்பதற்கு ஒரு மாற்று சொல்லியாக வேண்டும். குறைநிலை நாள்பட்ட அழற்சி என்று பாடநூல் நடையில் எழுதலாம், தப்பில்லை. ஆனால் மேலே சாம்பல் மூடி உள்ளே கனன்றுகொண்டிருப்பதைச் சொல்ல நம் பாட்டிமார் ஒரு தொடர் வைத்திருந்தார்கள்: நீறு பூத்த நெருப்பு. எனக்கு இது நீறுபூத்த அழற்சி. கவிதை மாதிரி இருக்கிறது என்று ஒரு நண்பர் முகம் சுளித்தார். தீ மூட்டுதல் என்ற லத்தீனும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்திருக்கும்.

பெரியம்மாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். கணுக்காலை விட்டுவிட்டுத் தாளை எடுத்தார். "அடுப்புச் சாம்பலுக்குள்ள கங்கு கெடக்குற மாதிரியா?" என்றார்.

"அதேதான் பெரியம்மா."

"அப்போ வாழைத்தண்டை நிறுத்திடவா?"

"நிறுத்த வேண்டாம். சாறு எடுத்து நாரை வடிகட்டிக் கொட்டுறீங்களே, அதை நிறுத்துங்க. பாசிப்பருப்பு போட்டுப் பொரியலாப் பண்ணுங்க."