லேண்ட்ஸ்கேப்பிங்: சொல்லும் அதற்கான தமிழும்

சேலத்தில் புது வீடு கட்டுகிறவர்களும் கல்லூரி வளாகத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களும் 'லேண்ட்ஸ்கேப்பிங் வேலை நடக்குது' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வேலையை எடுத்துச் செய்கிறவர் அதையே 'லான் போடுறோம்' என்று சுருக்கிவிடுவார். கொரியன் புல்லை விரித்து, ஓரத்தில் ஒரே உயரத்துக்கு வெட்டிய செடிகளை வைத்து, நடுவில் நான்கு விளக்கு நட்டால் வேலை முடிந்தது. இந்தச் சொல்லுக்கு நல்ல தமிழ் என்ன என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். பதில் சொல்வதற்கு முன் சொல்லின் வழியைப் பார்த்துவிடுவோம்.

'லேண்ட்ஸ்கேப்' ஆங்கிலத்துக்கு டச்சு மொழியிலிருந்து வந்தது. டச்சில் 'லாண்ட்ஸ்காப்' என்றால் முதலில் ஒரு நிலப்பகுதி, ஒரு வட்டாரம். வயலையும் ஆற்றையும் வானத்தையும் வரைந்த டச்சு ஓவியர்கள் தங்கள் படங்களுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் அதை எடுத்துக்கொண்டபோது அவர்களுக்கு அது ஓவியச் சொல்லாகத்தான் போய்ச் சேர்ந்தது. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பெரிய பண்ணைவீட்டுக்காரர்கள் தங்கள் நிலத்தையே அந்த ஓவியங்களைப் போல் மாற்றி அமைத்தார்கள். படத்தின் பெயர் தோட்ட வேலைக்கு வந்தது இப்படித்தான். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை 1858-இல் வடிவமைத்த இருவரில் ஒருவரான ஓம்ஸ்டெட் காலத்துக்குப் பிறகு இது பொது இடங்களுக்கான தனித் தொழிலாகவே வளர்ந்தது. ஆக, இந்தச் சொல்லின் வேர் பார்வையில் இருக்கிறது. தள்ளி நின்று பார்க்கிற ஒருவரின் கண்ணுக்கு நிலம் எப்படித் தெரிகிறது என்பதே அதன் கேள்வி.

தமிழில் இப்போது வழங்கும் 'நில எழிலூட்டல்', 'நிலத்தோற்றக் கலை' ஆகிய இரண்டும் அந்தப் பொருளைச் சரியாகவே பிடிக்கின்றன. எழில், தோற்றம் இரண்டும் கண்ணைச் சேர்ந்தவை. மொழிபெயர்ப்பு என்ற அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம்மிடம் இதைவிட ஆழமான சொற்கள் இருக்கின்றன என்பதுதான் எனக்குத் தோன்றுவது.

'கா' என்ற ஓரெழுத்துச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கா என்றால் மரங்கள் அடர்ந்த இடம். பூங்கா என்பது பூவும் காவும் சேர்ந்த சொல். கேரளத்தில் பாம்புக்காவு என்று இன்றும் அது உயிரோடு இருக்கிறது. திருச்சிப் பக்கம் திருவானைக்கா. மயிலாடுதுறைப் பக்கம் திருக்குரக்குக்கா. திருவாரூர்ப் பக்கம் திருநெல்லிக்கா. ஆனைக்கா, குரக்குக்கா, நெல்லிக்கா. ஒரு தோப்புக்குப் பெயர் வைக்கும்போது அங்கே யார் இருக்கிறார் என்று பார்த்து வைத்திருக்கிறார்கள். யானை, குரங்கு, நெல்லி. அழகு என்ற சொல்லே அந்தப் பெயர்களில் வரவில்லை, ஆனாலும் சொல்லும்போதே இடம் கண்ணில் வந்து நிற்கிறது.

தொல்காப்பியமும் அப்படித்தான். ஒரு நிலத்தின் கருப்பொருள் எவை என்று பட்டியல் போடும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று சேர்த்தே சொல்கிறது. மரத்தைச் சொன்ன கையோடு பறவையையும் சொல்லிவிடுகிறது. இன்று 'ஹேபிடட்' என்று தனியாக ஒரு சொல்லைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டியிருக்கிறது. லத்தீனில் 'வசிக்கிறது' என்று பொருள்படும் வினைச்சொல் அது. தமிழில் வாழிடம். நல்ல சொல், பாடப்புத்தகம் வழியாக எல்லோருக்கும் பழகியும் விட்டது.

சேலத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க மூக்கனேரி போதும். சேர்வராயன் மலையடிவாரத்தில், கன்னங்குறிச்சியில் உள்ள ஏரி. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஊர் மக்கள் கைகோத்து அதைத் தூர்வாரியபோது, எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத்திட்டாகக் குவித்து மரக்கன்று நட்டார்கள். சுற்றிலும் தண்ணீர் நிற்பதால் நாயும் ஆளும் எளிதில் போக முடியாது; பறவை தைரியமாகக் கூடு கட்டும். கரையில் நின்று பார்க்கிறவருக்கு அது அழகான காட்சி. ஆனால் அந்த அழகு, பறவைக்கு என்ன வேண்டும் என்று யோசித்ததால் கிடைத்தது.

எதிர்ப்பக்கத்தையும் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டருகே உள்ள சிறு பூங்காவில் வேலியோரம் எருக்கு இருந்தது. 'சுத்தமா இருக்கணும்' என்று ஒரு நாள் அடியோடு வெட்டிவிட்டார்கள். வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடுவது எருக்கில். அதன் புழுவுக்கு உணவு அந்த இலைதான். அதே மாதிரி எலுமிச்சையையும் கறிவேப்பிலையையும் நம்பி ஒரு வகை, ஆவாரையை நம்பி இன்னொரு வகை. பூச்செடி எத்தனை வைத்தாலும் அது வந்த விருந்தாளிக்குத் தேன் கொடுக்கும், அவ்வளவுதான். குடித்தனம் நடத்த இலை வேண்டும். அந்த எருக்கு போனதில் எனக்கு இன்றும் வருத்தம்.

அழகுக்காக மட்டும் நட்டால் என்ன ஆகும் என்பதற்கு உண்ணிச்செடி சாட்சி. அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி, பூவின் நிறத்துக்காக வெள்ளையர் காலத்தில் கொண்டுவந்தது. இன்று நம் மலைக்காடுகளில் புதர்புதராக மண்டி, கீழே வேறு கன்று முளைக்க இடம் தருவதில்லை. அத்தி, நாவல், புங்கன், இலுப்பை என்று நம் மண்ணுக்குத் தெரிந்த மரங்களை வைத்தால் இந்தப் பயம் இல்லை. அத்தி இனத்து மரம் ஒன்று பழுத்து நின்றால் குயில், குக்குறுவான், மைனா, அணில், இரவில் வௌவால் என்று கூட்டம் ஓயாது.

சரி, என்ன சொல்லலாம்? என் தேர்வு 'சோலையமைப்பு'. ஓவியம்போல் காட்சிக்காகச் செய்யும் வேலைக்கு நில எழிலூட்டல் இருக்கட்டும். நிழல், நீர், உயிர் எல்லாம் கணக்கில் எடுத்துத் திட்டமிட்டு நடும் வேலைக்குச் சோலையமைப்பு பொருந்தும். 'காவமைப்பு' என்றும் யோசித்தேன், கேட்டவுடன் பிடிபடவில்லை. சோலை எல்லோருக்கும் தெரியும். ஏற்காட்டின் பள்ளத்தாக்குகளில் எஞ்சியிருக்கும் பசுமைமாறாக் காட்டுத் துண்டுகளையும் சோலை என்றுதான் சொல்கிறோம். தென்னிந்திய மலைகளின் அந்தக் காட்டுவகைக்கு ஆங்கிலத்தில் வேறு பெயர் கிடைக்காமல், தாவரவியலாளர்கள் தமிழிலிருந்தே எடுத்து 'ஷோலா' என்று எழுதுகிறார்கள்.

புழக்கத்துக்கு: சோலையமைப்பு, சோலையமைப்பாளர், சோலையமைப்புத் திட்டம். வினையாகச் சொல்ல 'சோலை அமைத்தல்'. ஒப்பந்தக்காரரிடம் பேசும்போது, 'லான் வேண்டாங்க, சோலை அமைச்சுக் கொடுங்க' என்றாலே போதும். எந்த மரம் வைக்கலாம் என்று அவரே கேட்பார்.