துறைமுகம் அல்ல, வாயில்

வீட்டில் கோப்புகளை வைத்திருக்கும் பெட்டியான வலைச் சேமிப்பகத்தை வெளியிலிருந்தும் திறக்க அக்கா மகன் ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். ரவுட்டரின் அமைப்புப் பட்டியலைத் தமிழில் வைத்திருப்பவன் அவன். "மாமா, இதுல துறைமுக முன்னனுப்பல்னு ஒண்ணு இருக்கு. அது நமக்கு வேண்டாம்தானே? போர்ட் ஃபார்வர்டிங் எங்கே இருக்கு?" என்று போனில் கேட்டான். அவன் தேடியதே அதுதான், போர்ட் ஃபார்வர்டிங்கைத்தான் துறைமுக முன்னனுப்பல் என்று மொழிபெயர்த்திருந்தார்கள். இந்தச் சொல்லை எத்தனையோ வழிகாட்டிகளில் பார்த்துவிட்டுப் பேசாமல் கடந்திருக்கிறேன். இந்த முறை மனம் கேட்கவில்லை.

முதலில் பொருள். வீட்டுக்கு இணையத்தில் தெரியும் முகவரி பெரும்பாலும் ஒன்றுதான், அது ரவுட்டருடையது. உள்ளே இருக்கும் கணினி, கைபேசி, சேமிப்பகம் எல்லாவற்றுக்கும் 192.168 என்பதுபோலத் தொடங்கும் உள்முகவரிகள். வெளியிலிருந்து வரும் இணைப்பு ரவுட்டரோடு நின்றுவிடும். "22 என்ற எண்ணைத் தட்டி வருபவரைச் சேமிப்பகத்திடம் விடு" என்று ரவுட்டருக்குச் சொல்லிவைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். போர்ட் எனப்படும் அந்த எண்கள் 0 முதல் 65535 வரை. கோப்புகளை அனுப்பிப் பெறும் பழைய முறையான எஃப்டிபிக்கு 21, பாதுகாப்பான எஸ்எஃப்டிபிக்கு 22.

போர்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் இரண்டு லத்தீன் சொற்கள் உண்டு. போர்ட்டுஸ் என்றால் துறைமுகம். போர்ட்டா என்றால் வாயில். கப்பலின் பக்கவாட்டுத் திறப்பு, இயந்திரத்தின் திறப்பு, கணினியில் கம்பி செருகும் திறப்பு எல்லாம் போர்ட்டாவின் வழி வந்தவை. வலையமைப்பின் போர்ட்டும் அந்த வரிசைதான். அகராதியில் முதலில் நின்ற பொருளை எடுத்துக்கொண்டால் துறைமுகம்தான் கிடைக்கும்.

துறைமுகம் தவறு என்று ஒப்புக்கொள்பவர்களும் 'துறை'யை விடுவதில்லை. ஆற்றில் படகு வந்து சேரும் இடம் துறை, தரவு வந்து சேரும் இடமும் துறை என்கிறார்கள். இரண்டு லத்தீன் சொற்களும் ஒரே வேரில் பிறந்தவைதானே என்றும் கேட்கிறார்கள். உடன்பிறந்தவை என்பது உண்மைதான். ஆனால் லத்தீனில் உறவு இருப்பதால் தமிழில் துறையும் வாயிலும் ஒன்றாகிவிடுமா? இன்று 'துறை' என்றதும் படகு யாருக்கு நினைவு வருகிறது? வருவாய்த் துறை, கல்வித் துறை என்றுதான் காதில் விழுகிறது. '21ஆம் துறையைத் திற' என்றால் ஏதோ அலுவலகத்தைத் திறக்கச் சொல்வதுபோல இருக்கிறது. அதோடு, துறை என்பது இறங்கும் இடம். அதைத் திறப்பதில்லை, மூடுவதில்லை. போர்ட்டை வைத்து நாம் நாள் முழுக்கச் செய்வது திறப்பதும் மூடுவதும்தான்.

வாயில் என்று சொல்லிப் பாருங்கள். இல்வாய், அதாவது வீட்டின் வாய், முன்பின்னாக மாறி வாயில் ஆனது என்பது இலக்கணப் போலி படித்தவர்களுக்குத் தெரியும். வீட்டு வலையமைப்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்? ஒரு வலையமைப்பை இன்னொன்றோடு சேர்க்கும் கேட்வேக்கு நுழைவாயில் என்று சொல்லிவிட்டோமே, குழம்பாதா என்பார்கள். குழம்பாது. அது நுழைவாயில், இது எண்ணோடு வரும் வாயில், 22ஆம் வாயில். ஒன்றுக்குப் பல வாயில் இருப்பதும் தமிழுக்குப் புதிதல்ல, ஐம்பொறிகளையே வாயில்கள் என்று சொன்ன மொழி இது.

இன்னொரு காரணத்துக்காகவும் எனக்கு இந்தச் சொல் வேண்டும். அது எச்சரிக்கிறது. 'துறைமுகத்தை முன்னனுப்பினேன்' என்பவருக்கு எந்தப் பயமும் வராது. 'என் வீட்டு வாயிலை ஊருக்கே திறந்துவிட்டேன்' என்பவர் பூட்டைப் பற்றி யோசிப்பார். சாதாரண எஃப்டிபியில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் அப்படியே போகிறது. 22ஐத் திறந்துவைத்தாலும் தானியங்கி நிரல்கள் வந்து தட்டிக்கொண்டேதான் இருக்கும். இதையெல்லாம் விளக்குமுன் சொல்லே பாதியைச் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் அந்த 'முன்னனுப்பல்'. முன்பதிவு, முன்பணம், முன்னறிவிப்பு என்று நம் வழக்கில் பெயரோடு ஒட்டும் 'முன்' பெரும்பாலும் காலத்தைக் குறிக்கிறது. முன்னனுப்பல் என்றால் முன்கூட்டியே அனுப்புவது என்றுதான் படும். வழிமாற்று என்கிறார்கள் சிலர். அது இணையப் பக்கம் 'அங்கே போ' என்று நம்மை வேறு முகவரிக்கு அனுப்புவதற்கு ஏற்கெனவே புழங்குகிறது. இங்கே வந்தவருக்கு எதுவும் தெரியாது, ரவுட்டர் தானே உள்ளே விட்டுவிடுகிறது. தொலைபேசி அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடுகிறோமே, அதே வேலை. ஆகவே வாயில் திருப்பிவிடல். திருப்பி அனுப்புவது வேறு, திருப்பிவிடுவது வேறு. தமிழ் பேசும் யாரும் இவற்றைக் குழப்புவதில்லை. '22ஆம் வாயிலைச் சேமிப்பகத்துக்குத் திருப்பிவிடு' என்று வாய்விட்டுச் சொன்னால் வாக்கியம் நிற்கிறது. கலைச்சொல்லை இப்படிச் சொல்லிப் பார்க்காமலா பட்டியலில் ஏற்றுகிறார்கள்? போர்ட் என்றே எழுதுவதுகூடத் துறைமுகத்தைவிட நல்லது, போர்டு என்று படித்துவிடாத வரைக்கும்.

மொழிபெயர்ப்பவரிடம் திரையைக் காட்டாமல் சொற்களை மட்டும் வரிசையாகக் கொடுத்தால் இப்படித்தான் வரும். சேமிப்பகத்தின் அமைப்புப் பட்டியலிலும் எஃப்டிபியின் பாசிவ் முறையைச் 'செயலற்ற முறை' என்று போட்டிருந்தது. உண்மையில் அந்த முறையில் சேமிப்பகம் கோப்புகளுக்கென்று இன்னொரு வாயிலைத் திறந்து, அதன் எண்ணைச் சொல்லிவிட்டு, எதிர்முனை வந்து இணையக் காத்திருக்கிறது. காத்திருப்பு முறை என்றால் போதும். அக்கா மகன் 'செயலற்ற' என்பதைப் பார்த்து, வேலை செய்யாத ஒன்று என்று நினைத்து அணைத்துவைத்திருந்தான். 21ஆம் வாயில் திறந்திருந்தும் கோப்புப் பட்டியல் வராமல் அரை நாள் போனது அதனால்தான்.