ஃபார்மட் அடிப்பதற்கு முன் அந்தச் சின்ன பேட்டரியைப் பாருங்கள்

பர்மியப் புத்தாண்டான திஞ்சான் விடுமுறை முடிந்து கடைகள் திறக்கும் வாரம் யாங்கோனில் எனக்கு வேலை குவியும். தண்ணீர் ஊற்றி விளையாடியாயிற்று, சித்திரைப் பிறப்புக்குக் கோவிலுக்கும் போய் வந்தாயிற்று. பத்து நாள் பூட்டிக் கிடந்த கடையைத் திறந்தால் பழைய கணினி மட்டும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. இந்த வருடம் முதல் அழைப்பு, பயின்னவுங் சந்தையில் உளுந்து, துவரை மொத்த வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவரிடமிருந்து வந்தது.

"தம்பி, நீலமா ஏதோ வந்து வந்து போகுது. மருமகன் சீடியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறான், ஃபார்மட் பண்ணணுங்கிறான்."

"கையிலேயே வச்சிருக்கச் சொல்லுங்க மாமா, உள்ளே போட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஃபார்மட் என்றால் டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அழிப்பது.

அங்கே இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. 2001இல் வந்தது. 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டது. பின்னால் வந்த விண்டோஸ் 7க்கும் 2020 ஜனவரி 14இல் ஆதரவு முடிந்துவிட்டது. இருந்தும் இங்கே பல கடைகளில் இரண்டும் ஓடுகின்றன. கஞ்சத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். கணக்கு மென்பொருள் அந்தக் காலத்தது, பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் அந்தக் காலத்தது. உழைக்கிற மாட்டை எதற்கு விற்பது?

சரி, நீலத்திரைக்கு வருவோம். அது கண் சிமிட்டும் நேரத்தில் மறைந்து, கணினி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். படிக்கவே விடாது. கணினியைப் போட்டவுடன் எஃப்8 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு பட்டியல் வரும். அதில், கோளாறு வந்தால் தானாக மறுதொடக்கம் செய்யாதே என்ற வரி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் நீலத்திரை அசையாமல் நிற்கும். மாமாவின் திரையில் இருந்த எண் 7பி என்று முடிந்தது. தான் இருக்கும் டிஸ்க்கையே விண்டோஸால் அணுக முடியவில்லை என்று அதற்குப் பொருள்.

இதைப் பார்த்ததும் "டிஸ்க் போச்சு" என்று சொல்லிவிடுவது சுலபம். நான் விண்டோஸுக்கு முன்பே ஓடும், கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போனேன். டிஸ்க்கின் பெயர் அங்கே ஒழுங்காகத் தெரிந்தது. ஆனால் மேலே தேதி பல வருடம் பின்னால் போய் நின்றது. பாதி விடை அதிலேயே கிடைத்துவிட்டது.

கணினிக்குள் இருக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயம் போல ஒரு 3 வோல்ட் பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டால் நேரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் காப்பாற்றுவது அது ஒன்றுதான். வயதான பேட்டரி, பத்து நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்ததில் தீர்ந்துவிட்டது. பயாஸ் பழையதையெல்லாம் மறந்து, ஆலையில் வைத்த அமைப்புக்குத் திரும்பிவிட்டது. அந்த போர்டில் டிஸ்க்கோடு பேசும் முறை ஏஎச்சிஐ என்று மாறியிருந்தது. எக்ஸ்பியை நிறுவியபோது இருந்தது ஐடிஇ. ஏஎச்சிஐ பேச எக்ஸ்பிக்குத் தெரியாது, அதற்கான டிரைவர் என்ற துணை மென்பொருள் அதனுள் கிடையாது. ஐடிஇ என்று மாற்றிச் சேமித்தேன், கணக்குத் திரை வந்துவிட்டது. புது பேட்டரி போட்டேன். விண்டோஸ் 7 இருந்தாலும், நிறுவியபோது இருந்த முறை இப்படி மாறிப்போனால் பெரும்பாலும் இதே நீலத்திரைதான்.

மருமகன் சீடியைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? கணினியில் டிஸ்க்கே இல்லை என்று எக்ஸ்பி சீடி சொல்லியிருக்கும். புது டிஸ்க் வாங்கியிருப்பார்கள், உளுந்துக் கணக்கு முழுவதும் பழைய டிஸ்க்கோடு குப்பைக்குப் போயிருக்கும்.

எல்லோரும் இப்படித் தப்புவதில்லை. ஒரு கோவில் அலுவலகத்தில் நான் போவதற்குள் யாரோ ஃபார்மட் அடித்து முடித்திருந்தார்கள். கோப்புகளைப் பத்திரமாக வேறு டிரைவில் வைத்திருந்தார்கள், அதுவரை நல்லது. திறந்தால் திருவிழா அறிவிப்பு, நன்கொடைப் பட்டியல் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பை. வைரஸ் என்று பயந்துபோயிருந்தார்கள். வைரஸ் இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் 'தமிழ்' என்று அடித்தால், உள்ளே சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இருக்கும்வரை தமிழாகத் தெரியும், அது போனதும் சாயம் வெளுத்துவிடும். நல்லவேளை, பழைய பென் டிரைவ் ஒன்றில் அந்த எழுத்துரு இருந்தது. விண்டோஸை மாற்றுவதற்கு முன் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பர்மியக் கோப்புகளுக்கும் இதே தலைவலி உண்டு. 2019 அக்டோபர் 1 முதல் நாடு யூனிகோடு என்ற உலகப் பொது எழுத்து முறைக்கு மாறியது, ஆனால் பழைய கணினிகளில் இன்னும் ஜோஜி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவைதான் குவிந்து கிடக்கின்றன.

அடுத்தது மின்சாரம். முறைவைத்து வரும் கரண்ட் சொல்லாமல் போய்விடுகிறது. எழுதிக்கொண்டிருந்த டிஸ்க் பாதியில் நிற்கும். மறுமுறை போடும்போது வெள்ளை எழுத்துகளோடு, டிஸ்க்கைச் சோதிக்கும் செக் டிஸ்க் ஓடினால் பொறுமையாக விட்டுவிடுங்கள், நடுவில் அணைக்காதீர்கள். ஆனால் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் செக் டிஸ்க்கே வேண்டாம். சாகக் கிடக்கும் டிஸ்க்கை முழுக்கத் தேய்த்துப் பார்ப்பது அதன் உயிரை எடுக்கும். அதைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, முதலில் கணக்கைப் பிரதி எடுக்க வேண்டும். கரண்ட் போனால் தாங்கிக்கொள்ளும் யூபிஎஸ் வைத்திருக்கிறோம் என்பார்கள், உள்ளே பேட்டரி செத்து எத்தனை வருடமோ! மாதம் ஒருமுறை யூபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். அப்புறம், கரண்ட் திரும்பி வந்து சில நிமிடம் கழித்தே கணினியைப் போடுங்கள்.

மழைக்காலத்தில் திரை வராமல் பீப் பீப் என்று மட்டும் கத்தினால் பெரும்பாலும் மெமரிதான். மின்சாரத்தைத் துண்டித்து, மெமரியைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் அதன் பொன்னிறக் கால்களை மெல்லத் தேய்த்து மாட்டினாலே பல கணினிகள் எழுந்துவிடும்.

பென் டிரைவில் கோப்புறைகள் எல்லாம் திடீரென ஷார்ட்கட்டாகத் தெரிந்தால் எதையும் கிளிக் செய்யாதீர்கள். உங்கள் கோப்புகள் போகவில்லை, வைரஸ் அவற்றை மறைத்து வைத்திருக்கிறது. கிளிக் செய்தால் கணினிக்கும் ஒட்டும். விண்டோஸின் கறுப்புக் கட்டளைத் திரையில் அடிக்கும் ஆட்ரிப் (attrib) கட்டளையால் மறைப்பை நீக்கி மீட்கலாம்.

இணையம் விஷயத்தில் மட்டும் நான் கறார். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை உலகம் முழுக்கப் பரவியபோது, கைவிட்ட எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. எப்போதும் அப்படி வரும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. கணக்குக்கு எக்ஸ்பி இருக்கட்டும், ஆனால் இணையக் கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். மெயில் பார்க்கக் கைப்பேசி இருக்கிறதே!

கிளம்பும் முன் மாமாவின் கணினிப் பெட்டிக்குள் ஒரு தாள் ஒட்டினேன். தமிழில் ஒரு வரி, கடைப் பையன்களுக்காகப் பர்மியத்தில் ஒரு வரி: டிஸ்க் முறை ஐடிஇ, பேட்டரி மாற்றிய தேதி இன்னது. பயாஸ் திரையை மருமகன் தன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். சீடியை என்ன செய்வது என்று கேட்டார். மாமா அதை வாங்கி, கல்லாவுக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்.