கழுவாத ஃபிலிமில் படம் எங்கே இருக்கிறது?

1930 ஆகஸ்டில் பிராட்வாக் என்ற நார்வே கப்பல் வட துருவக் கடலில் க்விட்டோயா என்னும் தீவில் ஒதுங்கியது. அங்கே பனிக்குள் ஒரு பழைய முகாம். 1897 ஜூலையில் ஹைட்ரஜன் பலூனில் வட துருவத்துக்குக் கிளம்பிக் காணாமல் போன ஆந்த்ரே, ஸ்ட்ரிண்ட்பெர்க், ஃப்ரெங்கல் என்ற மூன்று ஸ்வீடன்காரர்கள் கடைசியாகத் தங்கிய இடம் அது. அங்கிருந்து மீட்டு வந்தவற்றில் ஸ்ட்ரிண்ட்பெர்க் எடுத்த ஃபிலிம்களும் இருந்தன. 33 வருஷம் ஈரத்திலும் பனியிலும் கிடந்தவை. ஸ்டாக்ஹோமில் யோன் ஹெர்ட்ஸ்பெர்க் அவற்றைக் கழுவினார். 240 படங்களில் 93 தேறின. அதில் ஒன்று: பலூன் பனியில் சாய்ந்து கிடக்கிறது, பக்கத்தில் இரண்டு பேர் அதைப் பார்த்தபடி நிற்கிறார்கள். மூன்றாமவர் கேமராவுக்குப் பின்னால்.

இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே பிரமிப்பு. கழுவுகிற வரை அந்த இரண்டு பேரும் ஃபிலிமில் எங்கே இருந்தார்கள்?

ஃபிலிமின் மேல் ஜெலட்டின் பூச்சு. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் வெள்ளி புரோமைடு மணிகள் கோடிக்கணக்கில் பதிந்திருக்கும். ஒரு மணிக்குள் இருக்கும் வெள்ளி அயனிகளையும் (ஒரு எலக்ட்ரான் குறைந்த வெள்ளி அணுக்களை) கோடிக் கணக்கில்தான் எண்ண வேண்டும். ஒளித்துகள் ஒன்று மணியில் பட்டால் ஒரு எலக்ட்ரான் கழன்று, மணியில் குறை உள்ள ஏதோ ஒரு புள்ளியில் போய் மாட்டிக்கொள்ளும். பக்கத்தில் திரியும் வெள்ளி அயனி அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு வெள்ளி அணுவாகும். ஒற்றை அணு தங்காது, கரைந்துவிடும். அதே புள்ளியில் சுமார் நாலு அணுக்கள் சேர்ந்துவிட்டால் அந்த மணி ‘ஒளி பட்டது’ என்று ஆகிவிடும். அவ்வளவுதான் படம். மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்த்தாலும் தெரியாது. இதை மறைபிம்பம் என்கிறார்கள்.

ஃபிலிமைக் கழுவும்போது முதலில் ஊற்றும் ரசாயனம் டெவலப்பர். அது செய்வது, அந்தச் சின்னப் புள்ளியை வாசலாக வைத்து மணி முழுவதையும் வெள்ளியாக்குவது. நாலு அணு இருந்த இடத்தில் கோடிக் கணக்கான அணுக்கள் வந்து மணி கறுத்துவிடும். புள்ளி இல்லாத மணியை டெவலப்பர் சீக்கிரம் தொடாது. அப்புறம் ஹைப்போ என்ற ரசாயனம் (ஃபிக்சர்) அந்த மிச்ச மணிகளைக் கரைத்து வெளியேற்றும். டார்க் ரூமில் நெகட்டிவைத் தூக்கிப் பார்க்கிறவருக்குத் தெரிவது இந்தக் கறுப்பு வெள்ளிதான்.

பழைய ஃபிலிமின் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. நாலு அணுக்களைச் சேர்க்க ஒளிதான் வேண்டும் என்பதில்லை. வெப்பமும் சேர்க்கும், ஜெலட்டினுக்குள் மெல்ல நடக்கும் வேதிமாற்றமும் சேர்க்கும், விண்ணிலிருந்து வரும் கதிர்களும் சேர்க்கும். இப்படித் தானாகப் புள்ளி விழுந்த மணிக்கும் கேமராவில் ஒளி பட்ட மணிக்கும் டெவலப்பருக்கு வித்தியாசம் தெரியாது. எல்லாவற்றையும் கறுக்க வைக்கும். அதனால் நெகட்டிவ் முழுக்கச் சாம்பல் மூட்டம் படியும். ஸ்டுடியோக்காரர்கள் ‘ஃபாக் ஆகிவிட்டது’ என்பார்கள். இன்னொரு பக்கம், ஈரமும் காற்றும் உண்மையான புள்ளிகளின் அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கின்றன. மூட்டம் ஏற ஏற, படம் இறங்குகிறது. துருவப் பனி இந்த வேகத்தை அடக்கி வைத்திருந்தது. நம் ஊர்ப் பரணில் சித்திரை வெயிலில் கிடந்த ரோலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனால் ஃபிரிட்ஜில் வைத்தாலும் விண்கதிரைத் தடுக்க முடியாது. கொஞ்ச ஒளியிலேயே படம் பிடிக்கும் 400 ஐஎஸ்ஓ ஃபிலிம், அதிக ஒளி கேட்கும் 100 ஐஎஸ்ஓ ஃபிலிமை விடச் சீக்கிரம் கெடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதையெல்லாம் தெரிந்தவர்கள் கழுவும்போது டெவலப்பரில் பொட்டாசியம் புரோமைடோ பென்சோட்ரையசோலோ கொஞ்சம் சேர்ப்பார்கள். அரைகுறைப் புள்ளி உள்ள மணிகளை இவை தாமதப்படுத்தும். மூட்டம் குறைவாகத் தரும் ஹெச்.சி-110 (HC-110) போன்ற டெவலப்பரை எடுத்து, குளிர்ந்த கரைசலில் வேலை செய்கிறவர்களும் உண்டு.

கலர் ஃபிலிம் இன்னும் கறாரானது. அதில் கடைசியில் படமாக நிற்பது வெள்ளி இல்லை, சாயம். இன்றைக்கு லேப் மெஷின்களில் ஓடும் சி-41 முறை 1972-இல் வந்தது. அதில் டெவலப்பர் 37.8 டிகிரி செல்சியஸில் இருக்கும். அதற்கு முந்தைய சி-22 முறைக்குச் செய்த ஃபிலிமை அந்தச் சூட்டில் விட்டால் பூச்சே இளகி உரிந்து வரலாம். கோடாக் கம்பெனியின் கோடாக்ரோம் என்ற கலர் ஃபிலிமின் கதை வேறு. அதன் சாயத்துக்கு வேண்டிய பொருள் ஃபிலிமில் கிடையாது, கழுவும் ரசாயனத்தில்தான் உண்டு. அதைக் கழுவும் கே-14 என்ற முறையை உலகத்தில் கடைசியாகச் செய்த லேப், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் இருந்த டுவைன்ஸ் போட்டோ, 2010 டிசம்பர் 30-உடன் ரோல் வாங்குவதை நிறுத்தியது. இனி லேபில் கொடுத்தால் அது பெரும்பாலும் கறுப்பு வெள்ளையாகத்தான் வெளிவரும்.

கறுப்பு வெள்ளை ரோலைக் கலர் மெஷினில் போட்டால் என்ன ஆகும் என்பதை நானே அனுபவித்தேன். பெரியம்மாவின் பீரோவில் ஒரு ரோல் கிடைத்தது. பெரியப்பா உயிரோடு இருந்தபோது எடுத்தது என்றார். பக்கத்தில் இருந்த ஒரு கலர் லேபில் கொடுத்தேன். கண்ணாடி போல வெறும் பிளாஸ்டிக் பட்டை திரும்பி வந்தது. “ஒண்ணும் விழலை சார்” என்றார்கள். நானும் நம்பினேன். பெரியம்மாவிடமும் அப்படியே சொன்னேன்.

பல வருஷம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. ஃபிலிமின் விளிம்பில் கம்பெனி பெயரும் எண்களும் இருக்குமே, அதுவும் தொழிற்சாலையில் ஒளியால் பதித்த மறைபிம்பம்தான். கேமராவில் ஒன்றுமே எடுக்காத ஃபிலிமைக் கழுவினாலும் அந்த எழுத்து வரும். என் பட்டையில் அதுவும் இல்லை. கலர் முறையில் சாயம் உருவானதும் வெள்ளி முழுவதையும் பிளீச்சும் ஃபிக்சரும் கரைத்து எடுத்துவிடும், சாயம் மட்டும் மிஞ்சும். வழக்கமான கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படத்துக்குச் சாயமே கிடையாது, வெள்ளிதான் படம். பெரியப்பாவின் முகம் டெவலப்பரில் வந்திருக்கும், அடுத்த தொட்டியில் போயிருக்கும்.

ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் செய்த ‘இந்து’ ரோல்கள் இன்னும் எத்தனையோ வீட்டு டிரங்குப் பெட்டிகளில் கிடக்கலாம். அப்படி ஒன்று கையில் கிடைத்தால் பிரித்துப் பார்க்காதீர்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படியுங்கள், உறையைத் தூக்கிப் போடாதீர்கள். கறுப்பு வெள்ளையைக் கையால் கழுவுகிறவரைத் தேடிப் பிடித்து, முதலில் இருட்டில் ஒரு சின்னத் துண்டை மட்டும் வெட்டிக் கழுவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு படம் நடுவில் வெட்டுப்படலாம், பரவாயில்லை. எவ்வளவு மூட்டம், எத்தனை நிமிஷம் என்பதை அந்தத் துண்டு சொல்லிவிடும். மீதி ரோல் அதற்குப் பிறகு தொட்டிக்குள் போகட்டும்.