கிராபிக்ஸ் கார்டு கலரைத் தராது: கடலோரத்தில் கிரேடிங் (வீடியோவின் கலரைத் திருத்தும் வேலை) சிஸ்டம் கட்டுபவர்களுக்கு

போன வாரமும் ஒரு கல்யாண வீடியோ திரும்பி வந்தது. கீழக்கரைப் பக்கத்து வேலை. எடுத்த தம்பி நல்ல கேமராக்காரர், படம்பிடித்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெண் வீட்டு டிவியில் போட்டால் எல்லா முகங்களிலும் மஞ்சள் அப்பிக் கிடக்கிறது, வெள்ளைச் சட்டைகள் பழுப்பேறித் தெரிகின்றன. "அண்ணே, கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டுமே எழுபதாயிரம் போட்டிருக்கேன், எப்படிண்ணே கலர் தப்பும்?" என்று கேட்டார். மானிட்டர் என்னவென்று கேட்டேன். "வீட்டுல பழசு ஒண்ணு கிடந்துச்சு, அதையே மாட்டிக்கிட்டேன்" என்றார்.

இராமநாதபுரத்தில் எடிட்டிங் சிஸ்டம் அசெம்பிள் செய்து பழுதும் பார்க்கிற எனக்கு இந்தப் பதில் மனப்பாடம். தொண்டியிலும் இதேதான், மண்டபத்திலும் இதேதான். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

கிராபிக்ஸ் கார்டு கணக்குப் போடும் சாதனம். கலர் திருத்தும் மென்பொருளான டாவின்சி ரிசால்வில் நீங்கள் ஒரு கலர் வீலைத் திருப்பினால், ஒவ்வொரு பிக்சலுக்கும் புது எண்ணைக் கணக்கிட்டுத் தரும். அதே புராஜெக்டை விலை குறைந்த கார்டிலும் லட்ச ரூபாய்க் கார்டிலும் ரெண்டர் செய்து (முடித்த ஃபைலாக வெளியே எடுத்து) பாருங்கள், வெளிவரும் கலர் ஒன்றுதான். முன்னது ராத்திரி முழுக்க ஓடும், பின்னது சாப்பிட்டு வருவதற்குள் முடித்துவிடும். அவ்வளவுதான் வித்தியாசம். "புதுக் கார்டு போட்டதும் படம் பளிச்சென்று ஆனதே" என்பார்கள். டிரைவர் செட்டிங்கில் டிஜிட்டல் வைப்ரன்ஸ் என்று ஒன்று இருக்கிறது, கேம் ஆடுகிறவர்கள் ஏற்றி வைப்பது. உங்கள் வீட்டிலும் யாராவது அதை ஏற்றியிருப்பார்கள். பளிச்சென்று ஆனது உங்கள் திரை மட்டும், ஃபைல் பழையபடியேதான் இருக்கிறது. அந்தத் திரையை நம்பி நீங்கள் கலரைக் குறைப்பீர்கள், வாடிக்கையாளர் வீட்டில் படம் வெளிறிப்போகும்.

கீழக்கரைத் தம்பிக்கு நடந்தது இதன் மறுபக்கம். அவருடைய பழைய மானிட்டர் நீலம் தூக்கலாகக் காட்டியது. அதை ஈடுகட்ட அவர் மஞ்சளை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். கண்ணில் பட்டதைத்தான் அவர் திருத்தினார். பட்டதே தப்பு. தராசு கோணலாக இருந்தால் எடைபோடுகிறவர் கெட்டிக்காரராக இருந்து என்ன பயன்?

சரி, எது சரியான திரை? டிவிக்கும் யூடியூபுக்கும் செய்யும் சாதாரண வேலைக்கு ரெக் 709 என்கிற அளவு 1990 முதல் இருக்கிறது. வெள்ளை டி65, அதாவது சுமார் 6500 கெல்வின். இருட்டிலிருந்து வெளிச்சம் ஏறும் விதத்தைச் சொல்லும் காமா 2.4. திரையின் வெளிச்சம் 100 நிட்ஸ் (அதை அளக்கும் அலகு). நம் ஆட்கள் 300 நிட்ஸில், ஜன்னலைத் திறந்து வைத்து, கடல் வெளிச்சம் கண்ணில் அடிக்க உட்கார்ந்து கிரேடு செய்கிறார்கள். அந்த அறையில் எந்த நிழலும் இருட்டாகத்தான் தெரியும், உடனே ஷேடோவை, அதாவது படத்தின் இருண்ட பகுதிகளை, வெளிச்சமாகத் தூக்குவார்கள்.

நல்ல ஐபிஎஸ் மானிட்டர் (பக்கவாட்டில் பார்த்தாலும் கலர் அதிகம் மாறாத திரைவகை) வாங்குங்கள். வாங்கியதோடு விடாமல், திரையில் வைத்து அளக்கும் கேலிப்ரேட்டரால் அளந்து சரிசெய்யுங்கள். தனியாக வாங்க முடியாவிட்டால் நான்கு ஸ்டுடியோக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்குங்கள், மாதம் ஒரு தடவை தேவைப்படும் பொருள்தானே. அதோடு ஓட்ட வேண்டிய டிஸ்பிளேகால் மென்பொருள் இலவசம். விண்டோஸின் கலர் செட்டிங் குறுக்கே வராமல் படத்தை நேராக மானிட்டருக்கு அனுப்ப டெக்லிங்க் மாதிரி ஒரு சின்ன அவுட்புட் கார்டு போதும். கிளிப்பச்சையும் ரோஸும் அடித்த சுவரைச் சாம்பலாக்குங்கள், தயவுசெய்து. பச்சைச் சுவருக்கு நடுவில் உட்கார்ந்து மனிதத் தோலின் நிறத்தை யாராலும் முடிவு செய்ய முடியாது.

இதற்கெல்லாம் பணம் ஒதுக்கிய பிறகு கார்டுக்கு வாருங்கள். 4கே வேலைக்குக் கார்டில் 12 ஜிபி நினைவகம் இருக்கட்டும். 8 ஜிபியில் நாய்ஸ் ரிடக்‌ஷன் (படத்தின் புள்ளி இரைச்சலைக் குறைப்பது) போட்டால் நினைவகம் நிறைந்துவிட்டது என்ற செய்தி எந்த நேரமும் வரும். (அந்த நாய்ஸ் ரிடக்‌ஷனே ரிசால்வின் கட்டணப் பதிப்பில்தான் உண்டு.) ராம் 32 ஜிபிக்குக் குறைய வேண்டாம். கொஞ்சம் பணம் மிச்சம் பிடிக்க எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசரை வாங்குகிறார்கள். உள்ளே கிராபிக்ஸ் இல்லாத பிராசசர் அது. இப்போதைய கேமராக்கள் பல தரும் 10 பிட் 4:2:2 எச்.265 என்கிற, கலர் விவரம் கூடுதலாக உள்ள சுருக்கிய ஃபைலை ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய என்விடியா கார்டுகள் டிகோட் செய்யாது, அதாவது தானே விரித்துக் காட்டாது. 11ஆம் தலைமுறை முதல் இன்டெலின் உள் கிராபிக்ஸ் செய்யும். எழுபதாயிரம் ரூபாய்க் கார்டு இருந்தும் டைம்லைன் திக்கித் திக்கி ஓடுவது இதனால்தான். வேலைக்கான புட்டேஜை எஸ்எஸ்டியில் வையுங்கள். எடிட்டிங்குக்கான புரோரெஸ் 422 எச்க்யூ ஃபைல் வகையில் 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 330 ஜிபி அளவுக்கு வரும்.

அப்புறம் உப்பு. இதைச் சென்னையில் சிஸ்டம் விற்கிறவர் உங்களுக்குச் சொல்ல மாட்டார். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். மதர்போர்டில் படிந்த உப்புத் தூசி அப்படி நனைந்தால் மின்சாரம் போகாத இடத்திலெல்லாம் போகும், செம்பு பச்சை பூக்கும். பாம்பனிலிருந்தும் இராமேஸ்வரத்திலிருந்தும் வரும் கேபினட்டுகளில் ஸ்க்ரூவைத் திருப்பினால் தலை மட்டும் கையோடு வருகிறது. நாலா பக்கமும் ஃபேன் மின்னும் கண்ணாடிக் கேபினட் இந்த ஊருக்குத் தோதுப்படாது. உள்ளே இழுக்கும் ஃபேன்களுக்கு ஃபில்டர் போடுங்கள். வெளியே தள்ளுவதைவிட உள்ளே இழுப்பது கொஞ்சம் கூடுதலாக இருந்தால் இடுக்குகள் வழியாகக் காற்று நுழையாது. கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே சிஸ்டத்தை வைக்காதீர்கள். ஏசி ஓடிக் குளிர்ந்த அறையில் ஜன்னலைத் திறந்துவிடாதீர்கள், குளிர்ந்த உலோகத்தில் பனி பிடிக்கும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வேலை இல்லாவிட்டாலும் தினமும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள், சூடு ஈரத்தை அண்டவிடாது.

மண்ணில் உப்பு இருக்கிற இடத்தில் எர்த் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். எலக்ட்ரீஷியனை வருஷம் ஒரு தடவையாவது கூப்பிட்டுப் பாருங்கள். சாதா வீட்டு இன்வெர்ட்டர் தரும் ஸ்கொயர் வேவில் (கரண்ட் கம்பியில் வருவதுபோல் சீராக வளையாத அலை) கிரேடிங் சிஸ்டத்தை ஓட்டாதீர்கள். சிஸ்டத்துக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்களில் நல்லவற்றுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சைன் வேவ் யுபிஎஸ் வாங்கும்போது விஏ எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள், 600 விஏ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும்.

கடைசியாக, கெஞ்சிக் கேட்கிறேன். ஒரே ஹார்ட் டிஸ்கில் ஊரார் கல்யாணங்களை அடுக்கி வைக்காதீர்கள். மூன்று பிரதி வேண்டும், ஒன்று கடற்கரையை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். 1964 புயல் தனுஷ்கோடியை என்ன செய்தது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பரமக்குடியிலோ மதுரையிலோ ஒரு சொந்தக்காரர் வீட்டு அலமாரி போதும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டிஸ்கைப் போட்டு, மேலே தேதி எழுதி, ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.