வெயில் ஏறினால் மீன் ஏன் கடிப்பதில்லை?

சித்திரை, வைகாசியில் வேலூர்ப் பக்கத்து ஏரிக்கரைகளில் தூண்டில் போடுபவர்களிடம் ஒரே குறையைத்தான் கேட்க முடியும்: மீன் இருக்கிறது, கடிக்க மாட்டேன் என்கிறது. உடனே இரையை மாற்றுவார்கள். மண்புழு போய் மைதா உருண்டை வரும், அதுவும் போய்க் கோழிக்குடல் வரும். பெரும்பாலும் குற்றம் இரையில் இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனில் இருக்கிறது.

மீனுக்குத் தனியாக உடல் வெப்பம் கிடையாது; தண்ணீரின் வெப்பம்தான் அதன் வெப்பம். தண்ணீர் 10 டிகிரி சூடேறினால் அதன் உடலுக்குள் நடக்கும் வேலைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகின்றன. பசி கூடுகிறது, ஆக்சிஜன் தேவையும் கூடுகிறது. தண்ணீரோ சூடேறச் சூடேறக் கைவிரிக்கிறது. 10 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 20 டிகிரியில் அது 9.1 ஆகவும், 30 டிகிரியில் 7.6 ஆகவும் குறைந்துவிடும். தின்றதைச் செரிக்கவும் ஆக்சிஜன் செலவாகும் என்பதால், மூச்சுக்குத் திண்டாடும் மீன் இரையைக் கண்டாலும் வாயைத் திறக்காது. மீன் மேலே வந்து வாய் பிளக்கும் நாளில் பண்ணைக்காரர்கள் தீவனத்தை நிறுத்திவிடுவது இதனால்தான்.

இந்தக் கணக்கில் மிகக் கறாரானது டிரவுட் என்னும் குளிர்நீர் மீன். வேலூர் வெயிலில் அதற்கு வாழ்வே இல்லை. தமிழ்நாட்டில் அதைப் பார்க்க நீலகிரிக்குத்தான் போக வேண்டும். அங்கே அவலாஞ்சியில் அதற்கென்றே நூறாண்டு கடந்த பொரிப்பகம் இருக்கிறது. 10 முதல் 16 டிகிரி வரையுள்ள தண்ணீரில் டிரவுட் சுறுசுறுப்பாக இரை தேடும். 20-ஐத் தாண்டினால் தவிக்கும். 25-ஐ ஒட்டினால் உயிருக்கே ஆபத்து. அதனால் கோடையில் டிரவுட் பிடிப்பவர்கள் தேங்கிய மடுக்களை விட்டுவிட்டு, கல்லில் மோதி நுரைக்கும் ஓட்டத்தையும் குளிர்ந்த ஓடை வந்து கலக்கும் வாயையும் மரநிழலையும் தேடிப் போவார்கள். வெட்டுக்கிளி, எறும்பு என்று கரைப்புல்லிலிருந்து தவறி விழும் பூச்சிகள்தான் அப்போது எடுபடும் இரை. தண்ணீர் 20 டிகிரியைத் தொட்டதும் பலர் தூண்டிலைச் சுருட்டிவிடுவார்கள். சூடான தண்ணீரில் போராடிக் களைத்த மீன், திரும்ப விட்டாலும் செத்துப்போகும் வாய்ப்பு கூடுதல். நல்ல வழக்கம் என்று மனதார நினைக்கிறேன்.

டிரவுட்காரர்கள் விடியற்காலையையே விரும்புவார்கள். ஓடும் ஆறு இரவெல்லாம் குளிர்ந்திருக்கும். கல்லில் மோதுவதால் காற்றும் கலந்துகொண்டே இருக்கும். அதே யோசனையை நம் ஏரிக்குக் கொண்டுவந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கோடையில் வற்றிப் பச்சையாகக் கிடக்கும் ஏரித் தண்ணீர் முழுவதும் நுண்பாசி. பகலில் அது ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைக் கொட்டும். சூரியன் சாய்ந்ததும் அந்த வரத்து நின்றுவிடும்; பாசி மூச்சுவிடுவது மட்டும் இரவிலும் தொடரும். மீன், பாசி, சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் எல்லாம் சேர்ந்து இரவு முழுவதும் இருப்பைக் கரைக்க, ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போவது விடிவதற்குச் சற்று முன்புதான்.

அந்த நேரத்தில் கரையில் நின்று உற்றுப் பாருங்கள். ஜிலேபி மீனும் கெண்டையும் உதட்டை மட்டும் நீர்மட்டத்தில் ஒட்டி வைத்து, நகராமல் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். இரை மேய்கின்றன என்று எண்ணி ஆசையோடு தூண்டில் வீசுகிறோம். உண்மையில் காற்றை ஒட்டிய மெல்லிய மேல்நீரில் மட்டுமே மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன. வெயில் பட்டுப் பாசி வேலை செய்யத் தொடங்கி, தண்ணீர் இன்னும் கொதிக்காத காலை எட்டிலிருந்து பத்து மணி வரை நம் ஏரிகளுக்கு நல்ல நேரம் என்பது என் கணிப்பு. அடுத்தது, வெயில் தாழ்ந்த பிறகு, இருட்டும் முன்.

இந்தச் சட்டத்துக்கு அடங்காதது விரால். செவுளுக்கு மேலே காற்றறை வைத்திருக்கும் மீன் அது; மேலே வந்து காற்றை விழுங்கியே தீர வேண்டும். வலையில் அமுக்கி வைத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். ஆகவே மற்ற மீன்கள் சோர்ந்து கிடக்கும் உச்சிவெயிலிலும் விராலுக்கு முயன்று பார்க்கலாம். அல்லி இலைகளுக்கு நடுவே தண்ணீர் ஒருமுறை பொங்கி வட்டமிட்டு அடங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு அப்பால் ரப்பர் தவளையை வீசி இலைமேல் மெதுவாக இழுத்து வர வேண்டும். செம்மஞ்சள் குஞ்சுகள் கூட்டமாக மேலே கொப்பளித்தால் மட்டும் அங்கே போடாதீர்கள். தாய்தகப்பன் காவல் நிற்கும் இடம் அது. அவை போனால் குஞ்சுகள் அத்தனையும் அடுத்த மீனுக்கு இரை.

இரையைவிட அது நிற்கும் ஆழம் முக்கியம். கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறக்கும். மேல்நீரில் மேய்வது அதன் பழக்கம். ரோகு நடுநீர், மிர்கால் அடிமண். மண்புழுவோ மாவோ எதுவானாலும் தக்கையை மேலும் கீழும் நகர்த்தி இரையை அந்தந்த மட்டத்தில் நிறுத்த வேண்டும். மோர்தானா போன்ற ஆழமான அணைநீரில் இன்னொரு சிக்கல் உண்டு. சூடான தண்ணீர் எடை குறைந்து மேலே மிதப்பதால் அடித்தண்ணீருக்குக் காற்று போய்ச் சேராது. ஆழத்தில் குளிர்ச்சி இருந்தும் மூச்சுக்கு வழியில்லாததால் மீன் இடைமட்டத்தில் நிற்கும். அடியில் இரையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது வீண். காவேரிப்பாக்கம் போல விரிந்த ஏரியில் காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ, அலை மோதும் அந்தக் கரையில் உட்காருங்கள்; அலை தண்ணீரில் காற்றைக் கலக்கிறது, மிதக்கும் பூச்சிகளையும் ஒதுக்கித் தருகிறது. மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, குத்தகைக்குப் போன ஏரியாக இருந்தால் குத்தகைதாரரிடம் கேட்டுவிட்டுத்தான் கரையேற வேண்டும்.

கோடை மழைக்குப் பிறகு ஓடையிலிருந்து குளிர்ந்த நீர் ஏரிக்குள் நுழையும் வாயில் மீன்கள் எதிர்த்து ஏறும். தூண்டிலுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் சாக்கடையை வாரிக்கொண்டு வரும் முதல் வெள்ளம் நேர்மாறு. அந்தக் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் இருக்கிற ஆக்சிஜனையும் உறிஞ்சிவிடும். பாலாற்று ஓரத்தில் ஊர்க்கழிவு கலக்கும் ஏரிகளில் மழைக்கு மறுநாள் மீன் செத்து மிதந்தால், யாரோ விஷம் வைத்ததாகப் பேச்சு கிளம்பும். அதற்கு முன் சாக்கடை எங்கே வந்து விழுகிறது என்று பார்க்க வேண்டும்.