பன்னி லாரிய ஏன் மறிக்கிறோம், கறிக்கு லேபிள் எதுக்கு?

பண்ணையில ரெண்டு பன்னி திடீர்னு செத்துச்சுன்னா நம்ம ஊர்ல முதல் போன் வெட்னரி டாக்டருக்குப் போறதில்ல, யாவாரிக்குத்தான் போகும். "அண்ணே, மிச்சம் நிக்கறத என்ன ரேட்டுக்கு எடுத்துக்குவீங்க?" அவரும் பாதி வெலை பேசி ராவோட ராவா வண்டிய கொண்டாந்து ஏத்திட்டுப் போயிடுவாரு. எங்களுக்குத் தகவல் வர்றப்போ கொட்டகையில நாலஞ்சு குட்டிதான் நிக்கும், மத்ததெல்லாம் எங்க போச்சுன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. கேரளா பார்டர ஒட்டி கால்நடைத் துறையில வேலை பாக்கறவன்ங்கறதால இத அடிக்கடி பாத்தாச்சு, அதனாலதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு குழப்பத்த தீர்த்துடலாம். நான் சொல்றது ஆப்பிரிக்கன் ஸ்வைன் ஃபீவர். 2009-ல மாஸ்க் போட வச்ச எச்1என்1 பன்றிக்காய்ச்சல் வேற, இது வேற. இது மனுஷனுக்கு வராது, நோய் வந்த பன்னியோட கறியால கூட மனுஷனுக்கு இந்த நோய் ஒட்டாது. ஆனா பன்னிக்கு வந்துச்சுன்னா பெரும்பாலும் பிழைக்காது, நம்ம நாட்டுல போட தடுப்பூசியும் கிடையாது (சாதா ஸ்வைன் ஃபீவருக்கு இருக்கு, அத போட்டுட்டேன் எனக்கு பயமில்லன்னு நெறய பேர் நெனச்சிட்டு இருக்காங்க, அது இதுக்கு வேலை செய்யாது). இந்தியாவுக்குள்ள 2020-ல அஸ்ஸாம், அருணாச்சல் பக்கம் வந்துச்சு, 2022 ஜூலைல வயநாடு மானந்தவாடில உறுதி ஆச்சு, 2023 ஜனவரில நம்ம முதுமலை காட்டுப்பன்னி வரைக்கும் வந்துடுச்சு. அஸ்ஸாம்ல இருந்து வயநாட்டுக்கு எந்தப் பன்னியும் நடந்து வரப்போறதில்ல. வண்டி, கறி, ஆளு, மிச்ச சாப்பாடுன்னு எதுலயோ ஏறித்தான் வந்திருக்கணும்.

வண்டிய ஏன் நிறுத்தறோம்னா, வைரஸ் உள்ள போய் காய்ச்சல் தெரிய 4 நாள்ல இருந்து 19 நாள் வரைக்கும் ஆகலாம். அந்த நாளெல்லாம் பன்னி நல்லா தின்னும், நல்லா ஓடும், யாவாரி கண்ணுக்கும் என் கண்ணுக்கும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால செக்போஸ்ட்ல "சார் ஹெல்த் சர்டிபிகேட் இருக்கு, பாருங்க எல்லாம் சுறுசுறுப்பா இருக்கு"ன்னு சொன்னா எனக்கு அது பெரிய ஆறுதல் கிடையாது. எந்த ஊர் பண்ணையில ஏத்துனது, அங்க கடைசியா எப்ப புதுக்குட்டி இறக்குனாங்க, வண்டிய எங்க கழுவுனீங்க, இதுதான் எனக்கு வேணும்.

இங்கிலாந்துல 2001-ல நடந்தத எங்க ஆளுங்க யாரும் மறக்க மாட்டாங்க. அது கோமாரி, வேற நோய்தான், ஆனா பாடம் ஒண்ணுதான். ஒழுங்கா வேக வைக்காத மிச்ச சாப்பாடு போட்ட ஒரு பன்னிப் பண்ணையில ஆரம்பிச்சு, பக்கத்து ஆடுகளுக்குப் போய், ஆடு சந்தைக்குப் போய், பிப்ரவரி 23 அன்னிக்கு நாடு முழுக்க கால்நடை நடமாட்டத்த நிறுத்தறதுக்குள்ள நோய் ஊர் ஊரா எறங்கிடுச்சு. கடைசில 2,026 இடத்துல நோய், 60 லட்சத்துக்கு மேல உயிர கொன்னாங்க. புதுசா ஒரு பன்னி பண்ணைக்குள்ள வந்தா அடுத்த 20 நாளைக்கு அந்தப் பண்ணையில இருந்து பன்னி வெளிய போகக்கூடாதுன்னு இங்கிலாந்துல ரூல் இருக்கு. நோய் இல்லாத காலத்துலயும் அது உண்டு, அதுதான் முக்கியம். நாம நோய் வந்தப்புறம்தான் ரூல தேடறோம்.

நம்ம பக்க ரூல் என்னன்னா, நோய் உறுதியான இடத்துல இருந்து 1 கிலோமீட்டர் சுத்தளவு நோய்ப் பகுதி, அங்க இருக்கற பன்னிய எல்லாம் அழிக்கணும். 10 கிலோமீட்டர் வரைக்கும் கண்காணிப்பு, பன்னியும் கறியும் உள்ள வெளிய போகக்கூடாது. 2009-ல வந்த கால்நடை தொற்றுநோய் சட்டம் இதுக்கெல்லாம் அதிகாரம் குடுக்குது. ஆனா அதே சட்டத்துல மீறுனவனுக்கு முதல் தடவை போட்ட அபராதம் 1,000 ரூபாய் வரைக்கும்தான், லாரி நெறய பன்னி லட்சக்கணக்குல போகுது, யாரு பயப்படுவா? அழிச்ச பன்னிக்கு இழப்பீடும் உண்டு, 15 கிலோ வரைக்கும் குட்டிக்கு 2,200, நூறு கிலோவுக்கு மேல போனா 15,000 ரூபாய்னு எடைய வச்சு. என்னைக் கேட்டா நூறு செக்போஸ்ட் போடறத விட அந்தப் பணத்த சீக்கிரம் கையில குடுக்கறது பெருசு. எப்ப வரும்னே தெரியாத பணத்த நம்பி எவனும் டாக்டர கூப்பிட மாட்டான், யாவாரியத்தான் கூப்பிடுவான். 2022-ல கேரளா வெளி மாநிலப் பன்னியும் கறியும் உள்ள வரக்கூடாதுன்னு தடை போட்டுச்சு. சரியான முடிவுதான், ஆனா இந்த மாதிரி தடை போட்டா அந்தப் பக்கம் கறி வெலை ஏறும், இந்தப் பக்கம் பன்னி வெலை விழும், நடுவுல இருக்கற குறுக்கு ரோட்டுக்கு எல்லாம் திடீர்னு மவுசு வந்துடும்.

இப்ப கறிக்கு வரேன். அறுத்துட்டா வைரஸ் போயிடும்னு நெனைக்காதீங்க. ஐஸ் போட்ட கறியில மாசக்கணக்குல, உறைய வச்ச கறியில வருஷக்கணக்குல கெடக்கும். கறியோட உள்பக்கம் வரைக்கும் 70 டிகிரி சூடு அரை மணி நேரம் ஏறணும்னு உலக விலங்கு சுகாதார அமைப்பு சொல்லுது. பெல்ஜியத்துல 2018-ல காட்டுப்பன்னிக்கு வந்தப்போ, பக்கத்துல நோய் இருந்த இடம் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்துச்சு, மனுஷன் கொண்டாந்ததுதான்னு முடிவு பண்ணாங்க. ஆஸ்திரேலியாவுல 2019-ல ஏர்போர்ட்லயும் தபால்லயும் பறிமுதல் பண்ண பன்னிக்கறி அயிட்டத்த டெஸ்ட் பண்ணா கிட்டத்தட்ட பாதியில வைரஸோட துணுக்கு இருந்துச்சு.

ஐரோப்பாவுல நோய்ப் பகுதிக் கறிய வெளிய விடறதா இருந்தா அதுக்குன்னு தனி முத்திரை, குறுக்கால ரெண்டு கோடு போட்டிருக்கும், எந்த எல்லை வரைக்கும் போகலாம்னு கடைக்காரனுக்கும் இன்ஸ்பெக்டருக்கும் தெரியும். நம்ம ஊர்ல கறிக்கடையில தொங்கற கறிக்கு ஒரு சீலும் இல்ல. பாக்கெட்ல வர்ற சாஸேஜ்ல எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ்) நம்பர் இருக்கும், எந்த ஊர் பன்னின்னு இருக்காது. "நோய் ஏரியா கறி"ன்னு பெருசா ஒட்டணும்னு சிலர் கேக்கறாங்க, நான் அதுக்கு ஆதரவு இல்ல. அப்படி ஒட்டுனா ஒருத்தனும் வாங்க மாட்டான், அடுத்த நாள்ல இருந்து கடைக்காரன் ஊர் பேர மாத்திச் சொல்லுவான், நமக்கு இருக்கற ஒரே தடயமும் போயிடும். அறுத்த தேதி, அறுத்த இடம், பன்னி வந்த ஊர், இந்த மூணையும் எல்லா நாளும் எல்லா கடையும் எழுதி வைக்கணும், நோய் வந்தா பின்னாடியே தேடிப் போகலாம்.

வீட்டுல கறி கழுவுன தண்ணி, ஓட்டல் மிச்சம், இது திரும்பவும் பன்னித் தொட்டிக்குப் போறதுதான் பெரிய ஓட்டை. ஓட்டல் வேஸ்ட் போடாம பண்ணை நடத்த முடியாதுன்னு சொல்றவங்க அத 90 டிகிரியில ஒரு மணி நேரம் கிளறிக்கிட்டே கொதிக்க வைக்கணும். ஒரு கொதி வந்தவுடனே எறக்குனா அது வெந்ததா கணக்கே கிடையாது.

பன்னி செத்துக் கெடந்தா அறுத்துப் பாக்காதீங்க, ரத்தத்துலதான் வைரஸ் அதிகம். வாய்க்கால்ல தூக்கிப் போடாதீங்க, காட்டுப்பன்னி வந்து தின்னும். மிச்சத்த விக்காம அப்படியே நிறுத்தி வச்சுட்டு கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962-க்கு அடிங்க, இல்லன்னா உங்க ஊர் கால்நடை ஆஸ்பத்திரிக்கு. யாவாரி வண்டி வாசல்ல வந்து நின்னாலும் கேட்டத் திறக்காதீங்க, அந்த டயர் அதுக்கு முன்னாடி எந்தப் பண்ணையில மிதிச்சுட்டு வந்துச்சோ தெரியாது.